பெரிய அடி எப்போ அடிக்கணும்?

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓசூரில் ஏதாவது ஒரு ஹாஸ்டல் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு லேப்டாப், அதைச் சுற்றி நாலு பேர். "அடிடா", "ஹொடியோ", "கொட்ரா" என்று மூன்று மொழியிலும் கத்தல். (பார்டர் ஊர், வேறென்ன எதிர்பார்க்க முடியும்!) ஓடுகிற கேம் பிராவ்ல்ஹாலாவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. காரணம் சிம்பிள், அது ஃப்ரீ.

இந்த வகை கேம்களுக்கு பிளாட்ஃபார்ம் ஃபைட்டர் என்று பெயர். இதற்கெல்லாம் தாத்தா, 1999-ல் நிண்டெண்டோ 64-க்கு வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ். ஆனால் அதை ஆட நிண்டெண்டோ மெஷின் வேண்டும். மாசக் கடைசியில் மெஸ் பில்லுக்கே கைமாத்து வாங்குகிறவனுக்கு அது எங்கே கட்டுப்படியாகும்? 2017-ல் முழுதாக ரிலீஸ் ஆன பிராவ்ல்ஹாலா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2020-ல் மொபைலுக்கும் வந்துவிட்டது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். அடி வாங்க வாங்க ஆள் சாவதில்லை, அடுத்த அடிக்கு இன்னும் தூரமாகப் பறக்கிறான். திரையின் எல்லையைத் தாண்டிப் பறந்தால் ஒரு உயிர் போச்சு.

பிராவ்ல்ஹாலாவில் பெரிய அடிக்கு சிக்னேச்சர் என்று பெயர், சுருக்கமாக சிக். புதிதாக ஆட வருகிறவன் கண்டுபிடிக்கிற முதல் விஷயமும் அதுதான். கண்டுபிடித்த நாளிலிருந்து வேறு பட்டனே கீபோர்டில் இல்லாத மாதிரி அதையே அமுக்குவான். எதிரே உட்கார்ந்திருப்பவன் "டேய், சிக் ஸ்பாம் பண்ணாதடா" என்று கடுப்பாவான். அப்புறம் இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது :)

இதில் இரண்டு பேருமே ஒன்றைக் கவனிப்பதில்லை. பெரிய அடிக்கு ஒரு விலை உண்டு, அது அடித்த பிறகுதான் தெரியும். சிக் காற்றில் போனால், ஆள் பழைய நிலைக்குத் திரும்பும்வரை எந்த பட்டனும் வேலை செய்யாது. அவ்வளவு நேரமும் அவன் சும்மா நிற்கிற பொம்மை.

ஓசூர் சிப்காட் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. வண்டிக்கு பார்ட்ஸ் அடிக்கிற சின்ன யூனிட்களில் பழைய மாடல் பவர் பிரஸ்ஸைப் பார்த்திருப்பார்கள். பெடலை மிதித்து கிளட்ச் பிடித்துவிட்டால் ராம் கீழே இறங்கி மறுபடி மேலே வரும்வரை நிற்காது. நடுவில் "ஐயோ" என்றாலும் நிற்காது. இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் ஓடும் என்கிற ஏற்பாடெல்லாம் வந்ததே விரலைக் காப்பாற்றத்தான். சிக்கும் அதே ஜாதி. அமுக்கியபின் திரும்பப் பெற முடியாது. நல்லவேளை, இங்கே போவது விரல் இல்லை.

ஸ்மாஷில் இன்னும் பச்சையாகத் தெரியும் இது. 2001-ல் வந்த மெலீயில் ஜிக்லிபஃப் என்று ஒரு ரோஸ் கலர் உருண்டை. அதன் 'ரெஸ்ட்' அடி முதல் ஃபிரேமிலேயே பட்டுவிடும், பட்டால் எதிராளி ராக்கெட். படாவிட்டால் ஜிக்லிபஃப் சுமார் நாலு வினாடி தூங்கும். வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிற கேமில் நாலு வினாடி என்பது ஒரு பரீட்சை ஹால் நேரம். இந்த உருண்டையை வைத்துக்கொண்டு 2016 ஈவோ மெலீ பட்டத்தை ஜெயித்தவர் ஹங்ரிபாக்ஸ். அவர் ஆட்டத்தைப் பார்த்தால் பாதி பேருக்கு போரடிக்கும். காற்றில் மிதந்து மிதந்து சின்னச் சின்ன அடி, பின்வாங்கல், மறுபடி சின்ன அடி. ரெஸ்ட் கையிலேயே இருக்கும், ஆனால் வராது. எதிராளி ஒரு தப்பு செய்த அடுத்த கணம் வரும்.

ஆக, எப்போ அடிக்கணும் என்பதற்கு பதில் எதிராளியிடம்தான் இருக்கிறது. அவன் தன்னிடம் இருப்பதை முதலில் செலவழிக்கட்டும். பிராவ்ல்ஹாலாவில் ஒருமுறை டாட்ஜ் பண்ணினால் அடுத்த டாட்ஜுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அவன் பயந்து டாட்ஜை வீணடித்துவிட்டானா, அதுதான் நேரம். அவன் சிக்கை வீசிக் கோட்டை விட்டானா, அதுவும் நேரம்தான். இரண்டும் இல்லாமல் அவன் நிதானமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது சிக் அடிப்பவன், வட்டி இல்லாமல் கடன் கொடுக்கிறான். அதுவும் வசூலாகாத கடன்.

கலரையும் பார்க்கணும். அடி ஏற ஏற ஆளின் படத்தைச் சுற்றியுள்ள நிறம் வெள்ளையிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும். வெள்ளையில் இருப்பவனுக்கு சிக் பட்டாலும் கொஞ்சம் நகர்ந்து திரும்பி வந்துவிடுவான். சிவப்பில் அதே சிக் உயிரை எடுக்கும். செலவு இரண்டுக்கும் ஒன்றே, வரவு மட்டும் வேறு. காமர்ஸ் படிக்கிறவனே இதைக் கணக்குப் போடாமல் ஆடினால் யாரிடம் சொல்லி அழுவது? ஸ்மாஷில் இதற்கு மேல் ஒரு தண்டனை உண்டு. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் அதன் பலமே குறைந்துகொண்டு போகும், இடையில் வேறு அடிகள் போட்டால்தான் பழையபடி ஏறும்.

சரி, அப்படியென்றால் கடைசிவரை பத்திரமாக வைத்திருப்பதா? கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு கர்ணன் கதை தெரியும். கவச குண்டலத்தைக் கொடுத்து இந்திரனிடம் வாங்கிய சக்தி ஆயுதம், ஒரே ஒரு முறைதான் எறியலாம். அர்ஜுனனுக்கென்று வைத்திருந்தான். பதினான்காம் நாள் ராத்திரிப் போரில் கடோத்கஜன் படையைத் துவம்சம் பண்ண, கௌரவர்கள் கதற, வேறு வழியில்லாமல் அவன் மேல் எறிந்தான். கிருஷ்ணன் சந்தோஷப்பட்டான். வைத்திருந்தது கர்ணனின் தப்பு இல்லை, எறிந்ததைக்கூடத் தப்பு என்று சொல்ல முடியாது. எறிகிற நேரத்தை எதிரணி முடிவு செய்துவிட்டது, அங்கேதான் தோற்றான்.

பிராவ்ல்ஹாலாவில் தேறியவர்கள் செய்வதும் கிருஷ்ணன் வேலைதான். பக்கத்தில் வருவார்கள், அடிக்கிற மாதிரி பாவ்லா காட்டி ஒரு அடி பின்னால் போவார்கள். நம்ம ஆள் பதறி சிக்கை அமுக்குவான். முடிந்தது.

அதனால் "ஸ்பாம் பண்றான், அது கேவலம்" என்கிற புகார் எடுபடாது. ஒருவன் ஒரே சிக்கை ஐந்து முறை வீசி ஐந்து முறையும் தப்பிக்கிறான் என்றால், அவன் ஐந்து முறை பொம்மையாக நின்றபோது எதிரே இருந்தவன் என்ன செய்துகொண்டிருந்தான்? திட்டுகிற நேரத்தில் ஒரு தாவல், ஒரு சின்ன அடி போதும். நாலு தடவை வாங்கினால் ஐந்தாவது சிக் தானாக நிற்கும்.