வண்ணம் கூடியது, வெள்ளை செத்தது

வண்ண இ-இங்க் திரை வந்துவிட்டதாம். இனிப் படிப்பதற்கு டேப்லெட்டும் வேண்டாம், கறுப்பு வெள்ளை கிண்டிலும் வேண்டாமாம். இப்படி அடித்துச் சொல்கிறவர்களின் வாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது கடைக்காரரின் துண்டறிக்கை.

தாளைப் போலவே வெளிச்சத்தைத் திருப்பித் தரும் திரை என்கிறார்கள். கறுப்பு வெள்ளைக்கு அது சரி. ஆனால் 2024இல் வந்த கிண்டில் கலர்சாஃப்டிலும் கோபோ லிப்ரா கலரிலும் இருப்பது கலைடோ வகைத் திரை. அதே பழைய கறுப்பு வெள்ளைத் திரைதான். மேலே சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வடிகட்டியும் தன் நிறத்தை மட்டும் விட்டு, மீதி வெளிச்சத்தை விழுங்குகிறது. உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது இன்னொரு முறை. இழப்பைக் குறைக்க வடிகட்டியை வெளிறலாகச் செய்தால் படமும் வெளிறிப்போகிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய பக்கம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. ஒரு பொட்டு நிறம்கூட இல்லாத நாவலைப் படித்தாலும் அந்த வடிகட்டி வழியாகத்தான் படித்தாக வேண்டும். கழற்றி வைக்க வழியில்லை. உடனே கருவியோடு வரும் முன்விளக்கைக் கூட்டுகிறோம். பட்டப்பகலில் வீட்டுக்குள் விளக்குப் போட்டுப் படிக்க வேண்டிய இதற்குத் தாள் என்று பெயர்!

300 பிபிஐ (ஓர் அங்குல நீளத்துக்கு 300 புள்ளிகள்) என்று முழங்குகிறார்களே, அது எழுத்துக்கு மட்டும். நிறத்துக்கு 150. பாதிதானே என்று விட்டுவிடாதீர்கள்: ஒரு சதுர அங்குலத்தில் 90,000 புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் 22,500, அதாவது கால்வாசி. கலைடோ 3 காட்டும் நிறங்கள் 4,096. சாதாரண எல்சிடி டேப்லெட் காட்டுவது ஒரு கோடியே 67 லட்சம். இந்தத் திரையைக் காட்டி, குழந்தைகளின் படக்கதைக்கும் பள்ளிப் பாடநூலுக்கும் இனி இதுவே போதும் என்று எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ.

இதையெல்லாம் சொன்னால், வடிகட்டியே இல்லாத கேலரி 3 என்ற இன்னொரு வகைத் திரை இருக்கிறதே என்று தாவுகிறார்கள். இருக்கிறது. அதில் நிறத்துகள்களே இடம் மாறி நிறம் காட்டுகின்றன. நிறமும் செறிவாகவே வருகிறது. ஆனால் மிகச் சிறந்த நிறத்தில் ஒரு பக்கம் மாற ஒன்றரை விநாடி ஆகும். பொறுமைசாலிக்குப் பரவாயில்லை. மோசடி எங்கே என்றால், நிறத்தைப் பேசும்போது கேலரியையும் வேகத்தைப் பேசும்போது கலைடோவையும் காட்டி, இரண்டும் ஒரே கருவியில் இருப்பதுபோல் வாசகரை நம்பவைப்பதில். இரண்டு மாப்பிள்ளைகளின் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லி ஒரு வரனை முடிக்கும் தரகர் வேலை இது.

கடைசி அஸ்திரம் கண். டேப்லெட்டின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். திரை ஒளியால் கண் கெடுவதற்கு அறிவியல் சான்று இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் சொல்லிவிட்டது. கண் சோர்வதற்குப் பெரிய காரணம், உற்றுப் பார்க்கும்போது இமைக்க மறப்பது. அந்த மறதி எந்தத் திரையிலும் வரும். போகட்டும், மின்வாசிப்பானின் முன்விளக்கு மட்டும் என்ன அகல்விளக்கா? அதுவும் எல்இடிதான்.

வெயிலில் உட்கார்ந்து படிக்க வண்ண இ-இங்க் நல்லது. அங்கே ஓஎல்இடி திரைகூடத் திணறும். வரிகளுக்கு நிறம் தீட்டிப் படிக்கும் மாணவருக்கும் அது உதவும். அதன் நியாயமான எல்லை அவ்வளவே. மின்கலம் என்று வந்தாலோ, 2024இன் கறுப்பு வெள்ளை கிண்டில் பேப்பர்வொயிட்டுக்கு 12 வாரம் என்று சொல்லும் அமேசானே கலர்சாஃப்டுக்கு 8 வாரம்தான் சொல்கிறது.

கதையும் கட்டுரையும் படிப்பவர்கள் கறுப்பு வெள்ளையையே வாங்குங்கள். பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் காட்ட வேண்டுமானால் வீட்டில் இருக்கும் டேப்லெட் போதும். எதையும் வாங்கும் முன், கடையில் வண்ணம், கறுப்பு வெள்ளை இரண்டு வாசிப்பான்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்விளக்கை அணைக்கச் சொல்லிப் பாருங்கள்.