உம்மாவை எங்கே வைப்பது?



1990 ஒக்டோபர் 30இல், 2 மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது 40 வயதாயிருந்த பெண்கள் இன்று 75ஐ எட்டிவிட்டார்கள். பிள்ளைகள் புத்தளத்திலும் கொழும்பிலும் தொழில், குடும்பம் என்று ஊன்றிவிட்டார்கள். உம்மாவுக்கோ சோனகத் தெருவில்தான் கண்மூட வேண்டும். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் யார்?

"கைதடியில் முதியோர் இல்லம் இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் உடனே சீறி விழாதீர்கள். பூட்டிய வீட்டுக்குள் தனியே விழுந்து கிடப்பதைவிட அது மேல் அல்லவா? ஆனால் எந்த இல்லமானாலும் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். சாப்பாட்டு வேளையில் போவது நல்லது. இறைச்சி ஹலாலா? இல்லையென்றால் மரக்கறியைத் தனிச்சட்டியில் ஆக்கித் தருவார்களா? குளிப்பாட்டுவது பெண்தானா? இரவில் கூப்பிட்டால் வர ஆள் உண்டா? சுபஹுக்கு வுழூச் செய்யும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஈரத்தில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு படுக்கைதான்.

சேர்த்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கோரவும் அதில் வழியுண்டு.

இன்னொன்று. மக்கள் எல்லாரும் கூடிப் பேசுகிறீர்களே, உம்மாவிடம் கேட்டீர்களா? அவர் அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறார். காது இன்னும் நன்றாகக் கேட்கும்.