தூண்டில் ஈயும் பெயரில்லா விரல்களும்

ஒவ்வொரு தொழிலுக்கும் ஊரறிந்த பருவம் ஒன்றும் ஊரறியாத பருவம் ஒன்றும் உண்டு. கமக்காரன் விதைப்பதையும் அறுப்பதையும் எல்லோரும் காண்கிறோம். அறுவடைக்கு வேண்டிய கடகத்தையும் பாயையும் ஓய்ந்த நாட்களிலே தாழ்வாரத்திலிருந்து இழைத்துவைத்த பெண்களை எவரும் கவனிப்பதில்லை. நெல் வீடுவந்து சேர்ந்ததும் பாராட்டெல்லாம் வயலுக்கே போய்விடுகிறது.

இவ்வுண்மையை ஆராய்வதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்க மலைநாட்டுத் தூண்டிற் கடை. ‘அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?’ என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு, உரிய இடத்திலே அதனைக் காட்டுவேன். முதலில் அக்கடையின் பனிக்காலத்தைக் காண்போம்.

மலையாறுகளில் வாழும் ட்றவுட் என்னும் மீன், நீரிற் பிறந்து சிறகு முளைத்து மேலெழும் சிறு பூச்சிகளை விரும்பி உண்பது. இம்முறையில் அதனைப் பிடிப்போர் தூண்டில் முள்ளிற் புழுவைக் கோப்பதில்லை. இறகும் மயிரும் பட்டு நூலும் கொண்டு அம்முள்ளையே பூச்சிபோலச் சமைத்து நீரில் விடுகின்றனர். இதனைத் தூண்டில் ஈ என்று அழைப்போம். ஈக்குப் பாரம் இல்லை என்றே சொல்லலாம். ஆகையாற் கனத்த கயிற்றை வீசி, அதன் விசையால் ஈயைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். கோடையில் அக்கடைக்குள் நுழைபவனுடைய கண்ணிற் படுவன, சிறு சிறு அறைகள் வகுத்த தட்டுகளிலே இனம் இனமாகக் கிடக்கும் இந்த ஈக்களே.

அவை எங்கிருந்து வந்தன? பழைய நாட்களில், அக்கடைகளின் பனிக்காலத்திலிருந்தே வந்தன. நியூயோர்க் மாநிலத்துக் கற்ஸ்கில் மலைகளில், பீவர்கில், வில்லோவிமொக் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்திலே றொஸ்கோ என்னும் சிற்றூர் உண்டு. அங்கே நெடுங்காலமாக ட்றவுட் பருவம் ஏப்பிரல் மாதத்திலே தொடங்குவது வழக்கமாயிருந்தது. இலையுதிர்ந்த நாள்முதல் ஏப்பிரல்வரை ஆற்றங்கரையில் ஆளில்லை, தெருவெங்கும் பனி. ஆயினும், வோல்ற்றர் டெட் என்பவரும் அவர் மனைவி வினியும் தம் வீட்டிலே நடத்திய கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வரப்போகும் வசந்தத்துக்கு வேண்டிய ஈக்களை இருவரும் அவ்விளக்கடியிலே கட்டிக்கொண்டிருந்தனர். 1920களின் கடைக்கூற்றில் அவர்கள் தொடங்கிய தொழிலைப் பின்னாளில் மகள் மேரியும் தொடர்ந்து நடத்தினார்.

அவர்கள் இக்கலையைக் கற்ற வரலாறு ஆசிரியர்களும் மாணவர்களும் அறியத்தக்கது. அக்காலத்தில் றூபன் குரொஸ் என்பவர் ஈ கட்டுவதிற் பெரும் பெயர் பெற்றிருந்தார். கற்றுத்தரும்படி டெட் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். அதன்பின் டெட் தம்பதியரும் நண்பர் ஹரி டார்பியும் குரொஸ் கட்டிய ஈக்களைப் பெற்று, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, எது முன், எது பின் என்று குறித்துக்கொண்டு தாமே கற்றனர். ஏகலைவனுக்குத் துரோணரின் உருவமாவது முன்னே இருந்தது. இவர்களுக்கு அவிழ்ந்த நூலே ஆசிரியர். பின்னர் டார்பியும் அவர் மனைவி எல்சியும் அவ்வட்டாரத்திலேயே தனியாகத் தொழில் நடத்தினர். ஈக்கு வேண்டிய நீலச்சாம்பல் நிற இறகுக்காகவே டார்பி சேவல்களைத் தெரிந்து இனம்பெருக்கி வளர்த்தார்.

வேலையின் நுட்பத்தையும் சிறிது சொல்லவேண்டும். மேசை விளிம்பிற் பூட்டிய சிறு இடுக்கியிலே முள்ளைப் பொருத்துவர். அம்முள் சில வேளைகளில் நெல்மணியளவே இருக்கும். மெழுகூட்டிய நூலை அதன்மேற் சுற்றி அடித்தளம் இடுவர். சேவலிறகின் சில இழைகள் வாலாகும். மயிற்பீலியின் கண்ணிலிருந்து ஓர் இழையை எடுத்து, அதன் தூவியை உரித்து, எஞ்சிய நரம்பை வரிவரியாகச் சுற்றினால் உடலாகும். காட்டு வாத்தின் விலாவிறகு நிமிர்ந்த சிறகாகும். இறுதியிற் சேவலின் கழுத்திறகைச் சுற்ற, அதன் இழைகள் நாற்புறமும் விறைத்து நின்று ஈயை நீர்மேல் தாங்கும். நூலை ஒரு சுற்று மிகுத்தால் தலை பருத்துவிடும். சற்று மிகையாக இழுத்தால் நூல் அறும். 1915இல் மறைந்த தியோடோர் கோடன் என்பவரின் பெயரால் வழங்கும் ஈயின் அமைப்பு இதுவே. மயிலின் தோகையும், தென்னிந்தியக் காட்டுச்சேவலின் மெழுகு வார்த்தாற்போன்ற புள்ளியுடைய கழுத்திறகும் இக்கலைக்குக் கீழைநாடு அளித்தவை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி மேற்கே செல்வோம். 1938ஆம் ஆண்டில் டான் பெய்லி என்பவர் நியூயோர்க்கிற் பௌதிகம் கற்பித்த தொழிலை விட்டு, மொன்டானா மாநிலத்து லிவிங்ஸ்டன் நகரிலே, யெலோஸ்டோன் ஆற்றின் அருகிற் கடை திறந்தார். காற்றுக்கும் குளிருக்கும் பேர்போன ஊர் அது. அவ்வூர்ப் பெண்களை வரிசையாக மேசைகளில் அமர்த்தி ஈ கட்டும் வேலையை அவர் பெருக்கினார். அவருடைய கடைச்சுவர் பெரும்புகழ் பெற்றது. 4 இறாத்தலுக்குக் குறையாத ட்றவுட்டை ஈயினாற் பிடித்தவர்களுடைய மீனின் உருவத்தை வரைந்து, பிடித்தவர் பெயரோடு அச்சுவரிற் பதித்தனர். ஆற்றை மறித்து அணைகட்டும் திட்டத்தையும் பெய்லி எதிர்த்து நின்றவர்; 1982இற் காலமானார். மதிப்புக்குரிய மனிதர் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், அச்சுவரை நினைக்குந்தோறும் ஒரு வினா எழுகிறது. மீன் பிடித்தவன் பெயர் சுவரிலே நிற்கிறது. அம்மீனை ஏமாற்றிய ஈயைப் பனிக்காலத்திலே கட்டியவள் பெயர் எங்கே நிற்கவேண்டும்?

இது ஒரு கடையின் குறையன்று. அத்துறையின் மரபே அவ்வாறு வளர்ந்தது. மிச்சிகன் மாநிலத்தில் 1922ஆம் ஆண்டு லெனாட் ஹலடே என்பவர் ஓர் ஈயை அமைத்தார். அதனைக் கொண்டு முதலில் மீன் பிடித்த நண்பர் சாள்ஸ் அடம்ஸ். இன்று உலகெங்கும் அந்த ஈக்கு ‘அடம்ஸ்’ என்றே பெயர். 1892இல் மேரி ஓர்விஸ் மாபரி என்னும் பெண்மணி ஈக்களின் பெயர்களையும் வரலாறுகளையும் தொகுத்துப் பெருநூலொன்றை வெளியிட்டார். வேர்மொன்ட் மாநிலத்திலே தம் குடும்பத்தின் தொழிலகத்தில் ஈ கட்டும் பெண்களுக்குத் தலைவியாயிருந்தவர் அவர். அவருடைய பெயர் நூலின் முகப்பில் இருப்பதால் அவரை அறிகிறோம். அவருடன் இருந்து கட்டியவர்களின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

விதிவிலக்கு ஒன்று உண்டு; என் வாதத்துக்கு அதுவே பெருந்துணை. மெயின் மாநிலத்திலே கெரி ஸ்டீவன்ஸ் என்னும் பெண்மணி, தொப்பி அலங்காரத் தொழிலிற் பழகிய கையினால், 1920களில் ஈ கட்டத் தொடங்கினார். இடுக்கியும் இல்லாமல் விரல்களுக்கிடையிலேயே முள்ளைப் பிடித்துக் கட்டுவது அவர் வழக்கம். தாம் கட்டிய ஈயின் தலையிற் செந்நிற நூலால் ஒரு சிறு வளையம் இடுவார். அதுவே அவர் கையொப்பம். ஒரு நூற்சுற்றினாற் படைப்பாளிக்குரிய உரிமையை நிலைநாட்டினார் அப்பெண்மணி.

வாசகருக்கு நான் வாக்களித்த தொடர்பு இனித்தான் வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அம்மலைக் கடைகளின் பனிக்காலம் மாறிவிட்டது. கையாற் கட்டுவோர் அங்கே இன்றும் உளர். கட்டக் கற்பிக்கும் வகுப்புகளும் பனிக்காலங்களில் நடக்கின்றன. ஆயினும், விற்பனைத் தட்டுகளை நிரப்பும் ஈக்களிற் பெரும்பாலானவை கடல்கடந்து வருகின்றன. தாய்லாந்து, கென்யா முதலிய நாடுகளோடு நம் இலங்கையும் அவற்றை அனுப்புகிறது. கட்டுவோரிற் பெரும்பாலோர் பெண்கள். பனியையே காணாத நாட்டிலே, தான் காணாத ஆற்றிற் பறக்கும் தான் காணாத பூச்சியை ஒருத்தி மாதிரியைப் பார்த்துச் சமைக்கிறாள். ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ட்றவுட்டைக் கொண்டுவந்து நம் நுவரெலியாப் பகுதி ஓடைகளில் விட்டனர். அம்மீனை இங்கே தேடிப்போன நம்மவர் வெகு சிலரே. அதற்குரிய ஈ மட்டும் நம் பெண்களின் கையிலிருந்து உலகின் மறுகோடிக்குப் போகிறது. முன்பு மயிலின் இறகு போயிற்று. இப்போது விரல்களின் திறனும் போகிறது. அட்டையில் ‘கோடன்’ என்றும் ‘அடம்ஸ்’ என்றும் எழுதியிருக்கும். கட்டியவளுக்குப் பெயரில்லை.

‘பெயர் அடுப்பெரிக்குமா? கூலியைப் பற்றிப் பேசும்’ என்று சிலர் கூறுவர். கூலியே முதன்மையானது என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் பெயரும் கூலியும் தனித்தனியே நிற்பவை அல்ல. எவள் கட்டினாலும் ஒன்றே என்று எண்ணுகிற இடத்திலேதான் எவளையும் நீக்கலாம், எவளுக்கும் குறைத்துக் கொடுக்கலாம் என்ற துணிவு பிறக்கிறது. தேயிலைப் பெட்டியிலே தோட்டத்தின் பெயர் உண்டு, கொழுந்து பறித்தவள் பெயர் இல்லை என்பதை மலையகத்தில் நாம் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறோம். அங்கேயாவது பல கைகள் பறித்த கொழுந்து ஒன்றாகக் கலந்துவிடுகிறது என்று சமாதானம் கூறலாம். தூண்டில் ஈயோ பெரும்பாலும் ஒருத்தியின் கையிலே தொடங்கி அவள் கையிலேயே முடிவது. அதற்குப் பெயரிட முடியாது என்பது பொருந்தாது.

‘செல்வர் பொழுதுபோக்குக்கு உரிய பொருளைப் பற்றி இத்தனை கவலை ஏன்?’ என்பது இன்னொரு கேள்வி. விளையாட்டுப் பொம்மை செய்பவனை விளையாடுகிறான் என்று யாரும் கூறார். பொருளின் பயன் விளையாட்டாயிருக்கலாம். அதிற் செலவாகும் கண்ணொளியும் முதுகுவலியும் விளையாட்டல்ல.

வெளிநாட்டு ஈக்களை வாங்காது விடுவதே நீதி என்று கருதுவோரும் உளர். அவர்களோடும் நான் உடன்படேன். வாங்காதுவிட்டால் நம் பெண்கள் வேலையை இழப்பரே அன்றிப் பெயரைப் பெறமாட்டார்கள். மாதிரியைக் கூர்ந்து பார்த்துக் கற்ற டெட் தம்பதியரை மேதைகள் என்று போற்றுகிறோம். அதே வழியிற் கற்ற இலங்கைப் பெண்ணை மலிவான கை என்று சொல்வது எவ்வகை நியாயம்?

ஆகவே நான் வேண்டுவது சிறிய செயல்தான். தட்டின் ஒவ்வோர் அறையிலும் ஈயின் பெயரையும் விலையையும் எழுதும் அட்டையிலே, கட்டியவள் விரும்பினால், அவள் பெயரையும் ஊரையும் எழுதட்டும். அல்லது கெரி ஸ்டீவன்ஸ் செய்ததுபோலத் தனக்கென ஒரு நிற நூலைத் தலையிற் சுற்றும் உரிமையை அவளுக்கு அளிக்கட்டும். ஒரு சுற்று நூலுக்கு ஆகும் செலவு எவ்வளவு? இரண்டாம் முறை கடைக்கு வருபவன், ‘அந்தப் பச்சை நூற்காரியின் ஈ வேண்டும்’ என்று கேட்பானாயின், அன்றே அவள் கூலியைப் பேசுவதற்கும் ஒரு பிடி கிடைத்துவிடும்.

நம் இலக்கிய அன்பர்களுக்கும் ஒரு சொல். தோட்டத்தையும் கடலையும் வயலையும் பற்றி எழுத நாம் பழகிவிட்டோம். ஏற்றுமதித் தொழிற்கூடத்து மேசையொன்றின்முன், சேவலிறகையும் பட்டு நூலையும் வைத்துக்கொண்டு குனிந்திருப்பவளைப் பற்றிய கதை என் கண்ணுக்கு இன்னும் எட்டவில்லை. ஆசிரியர்கள் தம் மாணவர்க்குக் கட்டுரைத் தலைப்புத் தேடும்போது, தம் ஊரிலிருந்து வெளிநாடு செல்லும் கைவேலை ஒன்றை எடுத்து, அதனைச் செய்பவரிடமே சென்று கேட்டு, அவர் பெயரோடு எழுதிவரும்படி பணிக்கலாம். கடைக்காரன் அட்டையில் எழுதும் நாள் வரும்வரை, அப்பெயர்கள் நம் பிள்ளைகளின் கொப்பிகளிலாவது இருக்கட்டும்.