குண்டறைக்கே முதல் இடம்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து நடுத்தரக் குண்டுவீச்சு விமானங்களைக் கற்பனையில் வடிவமைத்து, கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம், சிம்பிள்பிளேன்ஸ் ஆகிய கணினி விளையாட்டுகளில் கட்டிப் பறக்கவிடுவோர் நம்மில் பலர். அந்த விமானங்கள் அழகாக இருக்கின்றன, நன்றாகவும் பறக்கின்றன. ஆனால் இது எந்த ஆண்டு விமானம் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை. வரைபடத்தில் முதல் கோடு போடுமுன் முடிவாக வேண்டியது அந்த ஆண்டுதான்.

அந்த இருபது ஆண்டுகளை ஒரே காலமாக நினைப்பது பெரும் பிழை. மார்ட்டின் பி-10இன் முன்மாதிரி 1932இல் பறந்தது. முழு உலோக உடல், ஒற்றை இறக்கை, உள்ளே மடங்கும் சக்கரம், உடலுக்குள் குண்டறை. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் விமானப்படை பணியில் சேர்த்த ஹேண்ட்லி பேஜ் ஹேஃபோர்டோ இரட்டை இறக்கையும் மடங்காத சக்கரமும் திறந்த விமானியறையும் கொண்டது. கற்பனை விமானத்தில் இவ்விரண்டையும் கலக்கலாம், தடையில்லை. ஆனால் அந்த நாட்டுக்கு எந்த எஞ்சின் கிடைத்தது, அதன் தொழிற்சாலைக்கு எது கைவந்தது என்ற காரணம் வடிவமைப்பிலேயே தெரிய வேண்டும்.

அடுத்தது குண்டறை. உடலையும் இறக்கையையும் முடித்துவிட்டுக் கடைசியில் குண்டுக்கு இடம் தேடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அன்றைய பொறியாளர்களுக்கு அந்த வசதி இல்லை. இறக்கையைத் தாங்கும் ஸ்பார் உடலை ஊடுருவிச் செல்லும் இடமும் எடைமையமும் ஏறத்தாழ ஒன்றே. குண்டும் அங்கேதான் இருந்தாக வேண்டும். இந்த நெருக்கடிக்கு ஒவ்வொருவரும் கண்ட தீர்வே அவரவர் விமானத்தின் முகமாயிற்று. ஹேஃபோர்டில் உடல் மேல் இறக்கையோடு ஒட்டிக்கொண்டது, குண்டுகள் கீழ் இறக்கையின் தடித்த நடுப்பகுதிக்குள் போயின. பயணிகளுக்காகப் பிறந்த பிரிஸ்டல் 142ஐ பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானமாக்கியபோது, ஸ்பாருக்கு அடியில் குண்டறை அமைக்கத் தாழ்ந்திருந்த இறக்கையை உடலின் நடுவுக்கு உயர்த்தினார்கள். 1935இல் முதலில் பறந்த ஹைன்கெல் 111இல் குண்டுகள் மூக்கு மேலே பார்க்கச் செங்குத்தாகத் தொங்கின. அந்த அறைகளுக்குள் 250 கிலோ குண்டு வரைதான் அடங்கியது. பின்னாளில் அதைவிடப் பெரிய குண்டுகளை வயிற்றுக்கு வெளியே மாட்ட வேண்டியதாயிற்று. போலந்தின் பி.இசட்.எல். 37 மெலிந்த உடலோடு பறந்ததற்கு, குண்டுகளில் ஒரு பகுதியை இறக்கையின் நடுப்பகுதி ஏற்றுக்கொண்டதும் ஒரு காரணம்.

விளையாட்டிலும் இதே வரிசையைப் பின்பற்றலாம். முதலில் குண்டுகளை அடுக்குங்கள். அவற்றின் நடுப்புள்ளியை ஒட்டி எடைமையம் வருமாறு உடலை வளருங்கள். ஏற்றுவிசை மையம் அதற்குச் சற்றே பின்னால் இருக்கட்டும். பிறகு நான்கு நிலைகளில் சோதியுங்கள்: குண்டும் எரிபொருளும் நிறைந்தபோது, குண்டு மட்டும் போனபின், எரிபொருள் மட்டும் தீர்ந்தபின், இரண்டும் காலியானபின். நான்கிலும் எடைமையம் ஏற்றுவிசை மையத்தைத் தாண்டிப் பின்னே போகக் கூடாது. குண்டு விழுந்ததும் மூக்கு வெடுக்கென்று தூக்கினால், வாலைப் பெரிதாக்கி மறைக்காதீர்கள், குண்டறையை நகர்த்துங்கள். எஞ்சினின் திறனைக் கூட்டிச் சமாளிப்பது அதைவிடக் கெட்ட வழி. பிளென்ஹைமின் மெர்குரி எஞ்சினே 840 குதிரைத்திறன்தான்.

அடுத்த இதழுக்கு வடிவமைப்பு அனுப்பும் வாசகர்கள், விமானத்தின் ஆண்டு, எஞ்சினின் குதிரைத்திறன், சுமக்கும் குண்டின் எடை ஆகியவற்றை முதல் வரியிலேயே எழுதுங்கள். குண்டறையின் குறுக்குவெட்டுப் படமும் கட்டாயம் வேண்டும்.