செய்கூலி கணக்கில் வராது

எழுபதுகளில் காமிக்ஸ் சேர்த்த கதையை எழுதுகிறவர்கள் யாரும் காமிக்ஸைப் பற்றி எழுதுவதில்லை. கடந்த சில வருஷங்களில் இந்த ரகக் கட்டுரைகள் இருபதுக்குக் குறையாமல் படித்துவிட்டேன். எழுதியவர்கள் எல்லோரும் அறுபதை ஒட்டியவர்கள். பாதிப் பேர் நமக்குத் தெரிந்தவர்கள். இந்த இதழின் சந்தாதாரர்களும் அவர்களில் உண்டு. எனவே பெயர் சொல்லாமல் பேசுகிறேன். தன்னைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறவர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கட்டுரையின் அமைப்பு மாறுவதேயில்லை. கோடை விடுமுறை. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்த சில்லறை. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய புத்தகம். பாடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்து வாத்தியாரிடம் அடி வாங்கியது. பிறகு அப்பாவுக்கு மாற்றல், அல்லது கரையான், அல்லது பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்ட பாட்டி. கடைசியில் ஒரு பெருமூச்சு. நடுவே இரும்புக்கை மாயாவியின் பெயர் நாலைந்து தடவை வரும். மாயாவி என்ன செய்தான், அவனை யார் எப்படி வரைந்தார்கள், அவன் பேசிய தமிழ் எப்படிப்பட்ட தமிழ் என்பதற்கெல்லாம் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. மாயாவியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பம்பரத்தையோ கோலிக்குண்டையோ வைத்தாலும் கட்டுரைக்கு எந்தப் பாதகமும் வராது.

நான் வங்கியில் குமாஸ்தா. நகைக்கடன் கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு இந்த மனோபாவம் பழக்கமானதுதான். மதிப்பீட்டாளர் கல்லில் உரைத்துப் பார்ப்பார், எடை போடுவார், பதித்த கல்லின் எடையைக் கழிப்பார். எந்த ஆசாரி எத்தனை ராத்திரி கண்விழித்து அந்தப் பதக்கத்தைச் செய்தார் என்பது அங்கே கேள்வியே இல்லை. செய்கூலி கணக்கில் வராது. அடகுக்கு அதுதான் முறை. நமது காமிக்ஸ் அன்பர்களும் இப்படித்தான் இதழ் எண் என்ன, அட்டை முழுசா, அன்றைக்கு விலை எத்தனை பைசா, இன்றைக்கு எத்தனை ஆயிரம் என்று விசாரிக்கிறார்கள். பீரோவில் பூட்டி நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவர் தம்மிடமுள்ள பழைய இதழ்களைக் கையில் கொடுக்காமல் கண்ணாடிக் காகிதத்தின் வழியே காட்டினார். படித்து எத்தனை வருஷமாகிறது என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

செய்கூலியைக் கொஞ்சம் பார்க்கலாம். முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியில் தொடங்கியது. சௌந்திரபாண்டியன் வெளியிட்டார், ஆரம்ப வருஷங்களில் முல்லை தங்கராசன் ஆசிரியர். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. அதன் மூலம் லண்டனில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் 1962-ல் தொடங்கிய தொடர். முதலில் கென் புல்மரும் பிறகு டாம் டல்லியும் எழுதினார்கள். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர், 1919-ல் பிறந்து 1995-ல் இறந்தவர். நான் படித்த இருபது கட்டுரைகளில் ஒன்றில்கூட இந்தப் பெயர் இல்லை. ஐம்பது வருஷமாக ஒருவனுடைய கோடுகளை நெஞ்சில் வைத்துப் பூஜிக்கிறோம் என்கிறார்கள். யாருடைய கோடுகள் என்று கேட்கத் தோன்றவில்லை.

பிளாஸ்கோவுக்கு முன்னாலிருந்த பிரச்னையை நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் ஏற்கனவே வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஒரு சோதனைக்கூட உதவியாளன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் தெரியும். அதாவது முக்கியமான கட்டங்களில் எல்லாம் கதாநாயகன் படத்தில் இல்லை. இல்லாத ஒருவனை வரைய வேண்டும். எழுத்தாளனுக்கு இது சுலபம், 'மறைந்தான்' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஓவியன் என்ன செய்வான்? பிளாஸ்கோ அறையை வரைந்தார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே தேங்குகிறது, எதிரே நிற்கிறவன் எந்தப் பக்கம் பார்த்து மிரள்கிறான் என்று சுற்றிலும் இருப்பவற்றை அடர்ந்த கறுப்பில் கட்டி, நடுவில் ஒரு வெற்றிடத்தை விட்டு, அதில் அந்தக் கையை மட்டும் தொங்கவிட்டார். பார்க்கிறவனே உடம்பை இட்டு நிரப்பிக்கொள்கிறான். சொல்லாமல் விடுவதைப் பற்றி நாம் கவிதை விஷயத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அது சிவகாசிக் காகிதத்தில் வந்தபோது நமக்குக் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆங்கில மூலத்தில் இந்த ஆள் ஆரம்பத்தில் நல்லவனே அல்ல. கிடைத்த சக்தியை வைத்துக்கொண்டு குற்றம் செய்யக் கிளம்பியவன். பிற்பாடுதான் நியாயத்தின் பக்கம் வந்தான், உளவாளியானான். யாரும் பார்க்க முடியாதவனாகிவிட்டால் மனிதன் என்ன ஆவான் என்ற பழைய கேள்வி அதில் இருக்கிறது. நினைவேக்கக் கட்டுரைகளின் மாயாவியோ வெறும் நல்ல மாமா.

பெயர் மறைந்த விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் இருந்த ஸ்பெயினிலிருந்து ஏராளமான ஓவியர்கள் ஏஜென்சிகளின் மூலம் லண்டன் பத்திரிகைகளுக்கு வரைந்தார்கள், அங்கே கூலி அதிகம் என்பதால். அந்த வாரப் பத்திரிகைகளில் எழுதியவர், வரைந்தவர் பெயர் போடும் வழக்கம் இல்லை. 1977-ல் தொடங்கிய '2000 ஏ.டி.' என்ற பத்திரிகைதான் பிரிட்டனில் அதை முறையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸில் வந்து சக்கைப்போடு போட்ட ஸ்பைடரை எடுத்துக்கொள்ளுங்கள். டெட் கோவன் தொடங்கிவைத்த அந்தத் தொடரைப் பின்னால் பெயரில்லாமல் எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். சூப்பர்மேனின் உரிமையை 1938-ல் இருவருமாக 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வழக்குமன்றங்களில் அலைந்தவர். அறுபதுகளில் லண்டன் கம்பெனிக்காகக் கூலி எழுத்து எழுதினார். குற்றவாளிகளின் சக்ரவர்த்தியாக ஆசைப்படுகிற ஓர் அகங்காரியைப் பற்றி அவர் எழுதியதில் எத்தனை கசப்பு இருந்திருக்கும் என்று யோசிக்கலாம். யோசிக்க முதலில் அவர் பெயர் தெரிய வேண்டும்.

தமிழுக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை விஷயத்தின் மையம் இதுதான். மற்றவர்கள் தொடாததும் இதுதான். 'கோபல்ல கிராமம்' 1976-ல் வந்தது. பூமணியின் 'பிறகு' 1979-ல். கி.ரா.வின் இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கம். கோவில்பட்டியிலிருந்து சிவகாசி ஒரு பஸ் தூரம். கரிசலின் பேச்சு, அதன் ஜாதி, அதன் ஏச்சு, அதன் மண் எல்லாம் எழுத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், அதே கரிசலின் இன்னொரு மூலையில், எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் எவனும் பேசாத ஒரு தமிழ் ஆயிரக்கணக்கில் அச்சாகிக்கொண்டிருந்தது. லண்டன் கொள்ளைக்காரனும் நியூயார்க் போலீஸ்காரனும் ஒரே தமிழ் பேசினார்கள். 'என்ன செய்கிறாய்', 'யார் நீ', 'அசையாதே'. ஜாதி தெரியாத, ஜில்லா தெரியாத தமிழ். இது வறட்சியா, விடுதலையா? அக்ரஹாரத்துப் பையனும் சேரிப் பையனும் ஒரே வாக்கியத்தை ஒரே தூரத்திலிருந்து படித்தார்கள் என்பதால் இரண்டாவது பதிலின் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. கூடவே, ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பலூனுக்குள் நீளமான தமிழ்ச் சொற்களை அடைக்க வேண்டிய கட்டாயம். பெயரடையும் அலங்காரமும் வெட்டுப்பட்டு வினைச்சொல் மிஞ்சியது. அன்றைய வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளின் வழவழப்போடு ஒப்பிட்டால் இந்த உரைநடை எவ்வளவோ சுத்தம். அந்த வாக்கியங்களை வெட்டியவர்கள் யார் யார்? எந்தக் கதையை எவர் தமிழாக்கினார்? இருபது கட்டுரையாளர்களுக்கும் அந்த விசாரம் இல்லை. இதழ் வாரியாக, தலைப்பு வாரியாகப் பட்டியல் தயாரித்த ரசிகர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். வேலை அங்கே தொடங்க வேண்டும். அங்கேயே முடிந்துபோகிறது.

அடுத்து, 'நாங்கள்' என்ற சொல். இந்தக் கட்டுரைகளில் 'நாங்கள்' என்றால் பையன்கள். அதிலும் புத்தகத்தைச் சொந்தமாக வாங்கிப் பெட்டியில் அடுக்க முடிந்த பையன்கள். லெண்டிங் லைப்ரரியில் வாடகைக்கு எடுத்தவர்கள், சலூனில் முடிவெட்டக் காத்திருக்கும்போது அட்டையில்லாத புத்தகத்தைப் படித்தவர்கள் எல்லாம் கணக்கில் இல்லை. பெண்கள் கிடையவே கிடையாது. என் தாய்மாமா காமிக்ஸ் சேர்த்தவர். அவர் விளையாடப் போன நேரத்தில் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து படித்தவள் என் அம்மா. 1974-ல் அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு புத்தகம்கூட அவளுக்குச் சொந்தமில்லை. இப்போது கேட்டால் மாமாவுக்கு விலை ஞாபகம் இருக்கிறது, எந்தக் கடை என்று ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு படம் ஞாபகம் இருக்கிறது: கதவின் குமிழைத் திருகுகிற கை, அதற்குப் பின்னால் யாருமில்லை. 'கதவு திறக்கிற சத்தம்கூடக் கேக்கும்டா' என்றாள். மாமாவுக்கு ஒரு பழைய சொத்து இருக்கிறது. காமிக்ஸைப் படித்தவள் அம்மா.

பொற்காலம் என்கிறார்கள். சிவகாசியிலும் சுற்று வட்டாரத்திலும் அதே வருஷங்களில் அதே வயதுக் குழந்தைகள் விடியுமுன் பஸ் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எண்பதுகளில் அதைப் பற்றி விரிவாக எழுதப்பட்டது; 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. காமிக்ஸ் அச்சடித்தவர்களை இதில் இழுக்கவில்லை, அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'எங்கள் பால்யம்' என்று ஒரு தலைமுறையின் பெயரில் பேசுகிறவன், அந்த ஊரின் பெயரைத் தேன்போல நாக்கில் வைத்துக்கொள்கிறவன், இந்தப் பால்யத்தையும் ஒரு வரியாவது நினைத்திருக்க வேண்டும். பால்யத்தை எழுதுவது எப்படி என்பதற்கு அதே தசாப்தத்தில் நமக்கு முன்மாதிரி இருந்தது. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' 1977-ல் வந்தது. சிகந்தராபாத், கிரிக்கெட், சைக்கிள், நிஜாம் ஆட்சியின் முடிவு. ஒரு பையனுடைய விளையாட்டு அந்த நாவலில் சரித்திரத்திலிருந்து தப்பிக்கும் சந்து ஆகவில்லை.

நமது வட்டத்தையும் விட்டுவைக்கப் போவதில்லை. 'கசடதபற' தொடங்கியது 1970-ல். வியாபாரப் பத்திரிகைகளுக்கு எதிரான யுத்தம் அவசியமானதுதான். அந்த யுத்தத்தில் சிவகாசிக் காகிதம் எல்லாம் ஒரே குப்பைக்கூடைக்குப் போயிற்று. ஆனால் கண் இல்லாதவர்கள் என்று நம் முன்னோடிகளைச் சொல்ல முடியாது. ஆதிமூலத்தின் கறுப்புவெள்ளைக் கோடுகளைச் சிறுபத்திரிகைகள் அட்டையிலும் உள்ளேயும் கொண்டாடின. ஒரு கோட்டின் அழுத்தத்தைப் பற்றிப் பேசும் பாஷை இருந்தது. அதைப் பிளாஸ்கோவின் பக்கம் திருப்ப அந்தஸ்து இடம் கொடுக்கவில்லை.

இன்றைக்கு நிலைமை இன்னும் விசித்திரம். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன். ஆங்கிலத் துறைகளில் இப்போது ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்' பாடமாக இருக்கிறது. 1992-ல் அதற்கு புலிட்சர் சிறப்பு விருது கிடைத்துவிட்டது, ஆகவே படிக்கலாம். அதற்குப் பெயர் கிராஃபிக் நாவல். சிவகாசியில் வந்தால் அதற்குப் பெயர் மலரும் நினைவுகள். 'மௌஸை'ப் பற்றிக் கருத்தரங்கில் கட்டம் கட்டமாக ஆராய்கிற பேராசிரியர், மாயாவியைப் பற்றிக் கேட்டால் கண் பனிக்கச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் இருக்கிற மரியாதைக்குறைவு அவருக்கே தெரியாது.

சேர்ப்பதை நான் பழிக்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவும் சேர்த்தவர்தான். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் எறிந்ததையும் வைத்திருந்தார். 1992-ல் அவர் இறந்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று யாரும் போய்ப் படிக்கலாம். நம் அன்பர்கள் பீரோச் சாவியை அடுத்து யாரிடம் கொடுக்கப்போகிறார்கள்? பிள்ளைகள் வெளிநாட்டில், அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது என்று அவர்களே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்ட பாட்டியை இன்னும் மன்னிக்காதவர்கள் அதே பேப்பர்காரனுக்காகத்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு யோசனை. அடுத்த இதழுக்கு யாராவது ஒரே ஒரு பக்கத்தை, ஆறேழு கட்டங்கள் கொண்ட ஒரு பக்கத்தை, எடுத்துக்கொண்டு எழுதட்டும். கோடை விடுமுறை வேண்டாம், பெட்டிக்கடை வேண்டாம், விலை வேண்டாம். கைவசம் புத்தகம் இல்லாதவர்கள் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். மாமா பைண்டு போட்டு வைத்திருந்த இரண்டு தொகுதிகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. தபாலில் அனுப்புகிறேன், செலவு என்னுடையது. காலிகோ அட்டை முதுகில் கிழிந்திருக்கிறது. முதல் தொகுதியில் பைண்டர் ஓரத்தை வெட்டும்போது சில பலூன்களில் கடைசி எழுத்துகளும் போய்விட்டன. படங்களுக்குச் சேதமில்லை.