பனியில்லாத ஊருக்கும் ஒரு மாரி விதி வேணும்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பாதைகளில் ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கனரக லொறிகள் ரயர்ச் சங்கிலி கொண்டுபோக வேண்டும். அது சட்டம், சாரதியின் விருப்பம் இல்லை.

மன்னாரில் பனி கொட்டாது. ஆனால் அதே ஒக்டோபரில்தான் எங்களுக்கு மாரி தொடங்குது. அதுக்கு நாங்கள் சாரதிக்குச் சொல்லுறது "பாத்துப் போ" எண்ட ரெண்டு சொல்லு மட்டும்தான்.

பாத்துப் போனால் மட்டும் போதாது. வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்காகும். ஈர ரோட்டில் இன்னும் கூடும். தேய்ந்த ரயர் தண்ணியை வெட்டாது, அதுக்கு மேலே வழுக்கும். தள்ளாடி தாண்டித் தீவுக்கு வரும் தாம்போதியில் காற்றை மறிக்க ஒன்றுமில்லை. பக்கக்காற்றுக்குச் சுமையேற்றின லொறியை விட வெறும் லொறிதான் லேசில் சாயும். இருட்டில் ரோட்டில் நிற்கும் கழுதைகள் வேற.

சாரதியில மட்டும் பழியைப் போடுறது சுகம். ஆனால் பேசாலை மீன் விடியமுன் பேலியகொடைச் சந்தையில் நிக்கோணும் எண்டு நேரம் குறிக்கிறது அவர் இல்லையே!

நாங்கள் கேட்பது மூன்று: ஒக்டோபருக்கு முன் கட்டாய ரயர்ப் பரிசோதனை, தாம்போதியில் மழைநேர வேகப் பலகை, மழைநாளில் முதலாளிமார் கூடுதலாக ஒரு மணித்தியாலம் கொடுப்பது. மீனை ஐஸ் காக்கும். அதே ரோட்டில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போற பிள்ளையை அந்த ஒரு மணித்தியாலம்தான் காக்கும்.