பங்களாவுக்குப் பூச்சு, லயத்துக்கு?

2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நுவரெலியா தபாற் கந்தோரை ஹோட்டல் முதலீட்டுக்குக் கொடுக்காதே என்பது கோரிக்கை. சிவப்புச் செங்கற் சுவரும் மணிக்கூட்டுக் கோபுரமுமாக 1894இல் எழுந்த அந்தக் கட்டடத்துக்காகக் கொழும்பில்கூட ஆட்கள் உருகினார்கள். நானும் ஊழியர்கள் பக்கம்தான்.

அதே வருஷம், சில மாதம் முந்தி, மலையகத் தமிழர் இங்கே வந்து இருநூறு வருஷம் என்பதை நினைத்து, 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் நடந்தே வந்தது. கோப்பிக் காலத்தில் நம் பாட்டன் பூட்டன் காடு வழியாக வந்த, பாதிவழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் விழுந்த பாதை அது. அந்த நடைக்கு இருந்த கவனத்தையும் தபாற் கந்தோருக்குக் கிடைத்த கவனத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த நாட்டில் எதற்கு மரபுரிமை என்று பெயர் என்பது விளங்கும்.

நுவரெலியாவை 'குட்டி இங்கிலாந்து' என்கிறோம். சாமுவேல் பேக்கர் பண்ணை போட்ட இடம், கவர்னர் கிரகரி 1873இல் உண்டாக்கிய வாவி, 1876இல் தொடங்கிய ஹில் கிளப் என்று சீசனுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுகிறோம். இவ்வளவு சொகுசுக்கும் காசு கோப்பியிலும் பிறகு தேயிலையிலும் விளைந்தது. கொழுந்து பறித்தவர்கள் எங்கே படுத்தார்கள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

கந்தப்பளை ஹெதர்செட் தேயிலை ஸ்டோர் இன்று ஹோட்டல். கொழுந்து வாடப் போட்ட மேல்மாடிகளில் இப்போது மெத்தைக் கட்டில்கள். ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் துரை பங்களாக்களில் ராத்தங்க வெளிநாட்டார் டொலரில் கட்டுகிறார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. இல்லாவிட்டால் விழுந்து போயிருக்கக்கூடிய கட்டடங்கள் நிற்கின்றன, நம் பிள்ளைகள் சிலருக்கு அங்கே வேலையும் இருக்கிறது. ஆனால் பங்களாவுக்குக் கீழே அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு. தகரம் காற்றில் பறக்காமலிருக்க மேலே கருங்கல். உட்பக்கம் அடுப்புப் புகை ஏறி ஏறித் தார் பூசியதுபோல் கறுத்திருக்கும். என் பாட்டி அந்தக் கறுப்பில் கரித்துண்டால் கோடு கிழித்துச் சீட்டுக் கணக்கு வைத்திருந்தாள். கறுப்பில் கறுப்பு, அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

லயத்தை இடித்துத் தொலைக்க வேண்டும் என்றுதானே இத்தனை காலம் கத்தினோம், இப்போது பாதுகாக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். ஆட்களுக்குக் காணியும் தனிவீடும்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. கடைசிக் குடும்பமும் வெளியேறிய பிறகு, ஒரே ஒரு லயத்தையாவது நிற்க விடுங்கள் என்கிறேன். அதையும் இடித்துவிட்டால் மிச்சம் பங்களா மட்டும்தான். பிறகு கதையையும் பங்களாதான் சொல்லும்.

வெளிநாடுகளில் உழைத்தவர்களின் கதையையும் சொல்ல வைத்திருக்கிறார்கள். கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸில் பிரிம்ஸ்டோன் மலைக்கோட்டை 1999இல் உலக மரபுரிமையானது. அங்கே வரைபடம் ஆங்கிலேயருடையது, கட்டிய கைகள் ஆபிரிக்க அடிமைகளுடையவை என்று யுனெஸ்கோ ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. மொரீசியஸில் காப்பாற்றியது கோட்டைகூட அல்ல. ஒப்பந்தக் கூலிகள், அதில் நம்மவர்களும், கரையேறிய கற்படிகளும் சில கொட்டகைச் சுவர்களும்தான். அந்த அப்ரவாசி காட் 2006இல் பட்டியலில் ஏறியது.

நம்மிடமும் ஒன்று இருக்கிறது. கம்பளைக்கு அருகே ஒரு தோட்டத்தில், பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் செய்ததல்ல, ஒரு தன்னார்வ நிறுவனம் செய்தது. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் சுற்றுலா வேன்கள் கம்பளையைத் தாண்டித்தான் போகின்றன. றம்பொடை நீர்வீழ்ச்சியில் நிற்கும், லபுக்கலையில் தேத்தண்ணி குடிக்க நிற்கும். கம்பளையில் டீசல் அடிக்க நின்றால் உண்டு.